மயங்கியவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், சித்திரை வெயிலில் வைகைக் கரையில் யாராவது மயங்கி விழுவது வழக்கம். விழுந்த மறுகணம் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், இன்னொருவர் சோடா வாங்க ஓடுவார். ஓடி வந்து உதவும் மனம் மதுரைக்காரர்களிடம் குறையவே குறையாது. ஆனால் உதவுகிற கை முதலில் போவது மயங்கியவரின் வாய்க்குத்தான். நினைவில்லாதவரால் விழுங்க முடியாது. ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், தானாகத் தெளிந்திருக்க வேண்டிய மயக்கம் உயிராபத்தாக மாறிவிடும்.

கூட்டத்தை விலக்கி, நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் கண் திறப்பார். எழுந்து உட்கார்ந்து, டம்ளரைத் தானே பிடிக்க முடிந்த பிறகு குடிக்கட்டும். உடல் அனலாகக் கொதித்து, பேச்சும் குழறினால் அது வெறும் மயக்கம் அல்ல. உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால் பெயர் அதற்குப் போய்விட்டது. சாவியால் தீங்கு குறைவு. பல்லுக்கு நடுவே கரண்டியையோ துணியையோ செருகுவதுதான் கொடுமை. பல் உடைந்து தொண்டையில் சிக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

சர்க்கரை நோயாளி திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் பல வீடுகளில் 'சர்க்கரை ஏறிவிட்டது' என்று இன்சுலின் போட்டுவிடுகிறார்கள். அந்த அறிகுறிகள் சர்க்கரை இறங்கியதற்கு உரியவை. விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்து, பிறகு உணவு கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் இங்கேயும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

இன்சுலினில் இன்னொரு பெரிய தவறும் நடக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. பேனா வடிவக் கருவியில் போடும் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் மருந்துக்கான ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம். பேனா பழுதாகிவிட்டது என்று அதிலிருக்கும் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால், அதாவது குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், போவது 8 யூனிட்தான். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மருந்துக் கடையில் 'ஒரு ஊசி கொடுங்கள்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள்.

குழந்தைகளின் பாராசிட்டமாலிலும் இதே குழப்பம் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125, 250 எனப் பல அளவுகள் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை ஒரு தேக்கரண்டி கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். சமையலறைக் கரண்டியைத் தொடவே வேண்டாம். மருந்தோடு வரும் அளவு மூடியும் சொட்டுக் குழாயும் அதற்காகத்தான் இருக்கின்றன.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், அது வாரம் ஒரு நாள் மாத்திரை என்பதை நாள்காட்டியிலேயே எழுதி வையுங்கள். தினமும் விழுங்கினால் உயிரையே எடுத்துவிடும்.

மண்ணெண்ணெயையோ பூச்சிமருந்தையோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது மல்லிகைத் தோட்டமும் வயலும் உள்ள ஊர்களில் சாதாரணம். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மேலே வரும் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால்தான் பேராபத்து. பூச்சிமருந்து உடலில் பட்டிருந்தால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பூச்சிமருந்து டப்பாவை மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பாம்புக்கடிக்கு வருவோம். அலங்காநல்லூர்க் கரும்புத் தோட்டத்திலும் மேலூர் வயலிலும் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது, மந்திரிக்கக் கொண்டுபோவது எல்லாமே நேரத்தையும் உறுப்பையும் பறிப்பவை. பாம்பை அடித்து எடுத்துச் செல்லவும் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கடிபட்ட காலை நடக்க விடாமல், ஒரு குச்சியை அணையாகக் கொடுத்து அசையாமல் கட்டி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ இல்லாமலேயே போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொருகல் என்று எழுந்தால் அதை அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போனதும் பாம்பு கடித்த நேரத்தைச் சொல்லுங்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் கண்ணாடி விரியனின் விஷமும் சுருட்டையின் விஷமும் ரத்தத்தை உறைய விடாது. இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கத்தரித்த துண்டாக இல்லாமல், பெயர் தெரிகிற முழு மாத்திரை அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.