ரீலில் பார்த்ததை நாளைய தெரபிக்குக் கொண்டுபோகும் முன்

பேச்சு–மொழி சிகிச்சையில் புதிதாக எது வந்தாலும் இப்போது முதலில் கண்ணில் படுவது இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோதான். அதில் தப்பில்லை. ஆனால் முடிவு மட்டும்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. எந்த வயதுக் குழந்தைகள், எந்த மொழி, எந்த அளவுகோல் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. சிகிச்சையாளர்களான நாம் செய்யும், கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் முளைக்கின்றன.

எந்த ஒலி எந்த வயதில் வரும் என்று காட்டும், அதிகம் பகிரப்படும் ஒலி வயது அட்டவணைகளை எடுத்துக்கொள்வோம். வண்ணமயமாக, அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வசதியாக இருக்கும். ஆனால் பல அட்டவணைகள் அமெரிக்க ஆங்கிலக் குழந்தைகளுக்கானவை. அதில் உள்ள ‘ஆர்’ ஒலிக்கும் நம் ‘ர’வுக்கும் நாக்கின் வேலையே வேறு. நம் ‘ர’வில் நாக்கு நுனி ஒருமுறை தட்டும், ஆங்கில ஒலியில் தட்டாது. ஆகவே அந்த வயதை இங்கே பொருத்த முடியாது. ழ, ள, ண மூன்றும் அந்த அட்டவணையிலேயே கிடையாது. ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதல் ப ஒருவிதமாகவும் இரண்டாவது ப அதிர்வோடும் ஒலிக்கும். தமிழில் இது இடத்தைப் பொறுத்த இயல்பு. ஆங்கிலப் படிவத்தை வைத்துக் குறித்தால் இதுவே பிழைக் கணக்கில் ஏறிவிடும். வீட்டில் எல்லோரும் ‘வாளப்பளம்’ என்று சொல்லும்போது குழந்தையும் அப்படிச் சொன்னால் அது கோளாறு ஆகாது. அட்டவணையைச் சேமிக்கும்போதே அதன் மூலையில் மொழி, ஆண்டு, எத்தனை சதவீதக் குழந்தைகள் என்ற அளவுகோல் மூன்றையும் எழுதிவையுங்கள். 50 சதவீதக் குழந்தைகள் எட்டிய வயதும் 90 சதவீதம் எட்டிய வயதும் ஒன்றல்ல.

அளவுகோலைப் பார்க்காததன் விளைவு 2022இல் நன்றாகவே தெரிந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, துறையில் 24 மாதத்துக்கு என்று சொல்லிவந்த 50 சொற்கள் 30 மாதத்தில் இடம்பெற்றன. ‘இனி இரண்டரை வயதுவரை காத்திருக்கலாம்’ என்று பெற்றோருக்கான ரீல்கள் கிளம்பின. அந்தப் பட்டியலோ 75 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் செய்யக்கூடியவற்றைக் கொண்டு அமைத்தது. அப்படியென்றால் 30 மாதத்தில் 50 சொல் வராத குழந்தை பின்தங்கிய கால்பகுதியில் இருக்கிறது. காத்திருக்கச் சொல்வதற்கு அது காரணமே இல்லை.

அடுத்தது கேமராவுக்கு அழகாக இருக்கும் பயிற்சிகள். விசில் ஊதுவது, குமிழி ஊதுவது, நாக்கை மேலும் கீழும் ஆட்டுவது எல்லாம் முப்பது விநாடியில் கண்ணுக்குத் தெரியும். ‘க’வுக்கும் ‘த’வுக்கும் வேறுபாடு கேட்கவைக்கும் பயிற்சி அப்படித் தெரியாது. பேச்சொலிப் பிழைகளுக்கு இந்த வாய்ப் பயிற்சிகள் உதவுமா என்று ஆராய்ந்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வுக்கு (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுவது)க் கிடைத்தவை மூன்றே சிறு ஆய்வுகள். வலுவான ஆதாரம் எதுவும் இல்லை. பேசாத குழந்தை எழுத்துகளைச் சுட்டிச் சொல் அமைப்பதாகக் காட்டும் எழுத்துப் பலகை வீடியோ வந்தால் குழந்தையின் விரலைப் பார்க்காதீர்கள், பெரியவரின் கையைப் பாருங்கள். பலகையைப் பெரியவர் ஏந்தியிருந்தால் சொல் யாருடையது என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பேச்சு–மொழி–செவிப்புலச் சங்கமான ஆஷா 2018இல் கையைப் பிடித்துச் சுட்டவைக்கும் முறையையும் பெரியவர் பலகையை ஏந்தித் தொடர்ந்து தூண்டும் ரேப்பிட் ப்ராம்ப்டிங் முறையையும் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது.

விழுங்கல் சிரமம் தொடர்பான வீடியோக்களில் அவசரம் ஆபத்து. கெட்டியாக்கிய பானம் கரண்டியிலிருந்து வழிவதைக் காட்டி ‘இதுதான் லெவல் 2’ என்பார்கள். பானங்களின் கெட்டித்தன்மையை லெவல்களாகப் பிரிக்கும் சர்வதேச ஐடிடிஎஸ்ஐ முறையில் 10 மில்லி சிரிஞ்சை நிரப்பி, நுனியில் வைத்த விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட வேண்டும். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் லெவல் 1, 4 முதல் 8 என்றால் லெவல் 2, 8க்கு மேல், 10க்குள் என்றால் லெவல் 3. சிரிஞ்சிலும் கவனம் தேவை: பூஜ்ஜியக் கோட்டிலிருந்து 10 மில்லிக் கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவை எல்லாம் அப்படி இருப்பதில்லை, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகும், வாயில் எச்சில் பட்டால் மாவுச்சத்து உடைந்து இளகும். பரிமாறும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். வீடியோவில் இது வராது.

குழுவில் கேஸ் கேட்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ‘மூன்றரை வயது, பேச்சு இல்லை, என்ன செய்யலாம்?’ என்ற கேள்விக்கு வரும் இருபது பதில்களும் ஊகம். கேட்புப் பரிசோதனை முடிவு, வீட்டுமொழி, சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவு, சைகைகள், இதுவரை எத்தனை செஷனில் என்ன செய்தீர்கள் என்பவை இல்லாமல் யாராலும் உருப்படியாகச் சொல்ல முடியாது. மறுபக்கம், விவரம் தருவதாக நினைத்து வீடியோவையே போட்டுவிடுகிறார்கள். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற எண்ணம் நம் துறைக்குப் பொருந்தாது, குரலே ஓர் அடையாளம். பள்ளிச் சீருடையும் பின்னால் ஒலிக்கும் அம்மாவின் அழைப்பும் மிச்சத்தைச் சொல்லிவிடும். விழுங்கல் எக்ஸ்ரே படத்தின் ஓரத்தில் பெயரும் தேதியும் பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் போனது எத்தனை பேரின் கேலரியில் தானாகச் சேமிக்கப்படும் என்பது போட்டவருக்கே தெரியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் வாங்கிய பொதுவான கையெழுத்தை அதற்கு ஈடாக எண்ண வேண்டாம். ஒலிப்பிழைதான் கேள்வி என்றால் ஒலிக்குறிகளில் இருபது சொற்களை எழுதிப் போடுங்கள், ‘ரயில் – லயில்’ என்பதுபோல. வீடியோவைவிட அதில்தான் நல்ல பதில் கிடைக்கும்.

சேமித்துச் சேமித்து மறந்துவிடுவது கடைசித் தவறு. வாரத்தில் இரண்டு முறை, இருபது நிமிடம் போதும். ஒரு பதிவு எடுத்து, அது சொல்லும் ஆய்வைப் பப்மெட், ஸ்பீச்பைட் ஆகிய ஆய்வுத் தேடல் தளங்களில் தேடுங்கள், இரண்டும் இலவசம். வயது, மொழி, எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, வாரத்துக்கு எத்தனை செஷன் என்ற ஐந்தையும் ஒரு தாளில் குறியுங்கள். வாரம் நான்கு முறை செய்த பயிற்சியை இங்கே மாதம் இரண்டு முறை செய்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடுவது அடிக்கடி நடக்கிறது. தேடியும் ஆய்வே கிடைக்காத பதிவை அழித்துவிடுங்கள்.