பழைய டிஜிட்டல் கேமராவில் மெமரி கார்டு: ஃபார்மேட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

அப்பாவின் பழைய கேமராவைப் போன மாதம் அலமாரியிலிருந்து எடுத்தேன். 2004-இல் வாங்கியது, நான்கு மெகாபிக்சல், இரண்டு ஏஏ பேட்டரி. புது பேட்டரி போட்டதும் லென்ஸ் கிர்ரென்று வெளியே வந்தது. அதனோடு இருந்த கார்டு 16 எம்பி. முழுத் தரத்தில் ஏழு படம் எடுத்ததும் நிரம்பிவிட்டது. சரி என்று, கையில் இருந்த 32 ஜிபி எஸ்டி கார்டைச் செருகினேன். திரையில் 'கார்டு எரர்' என்று வந்து நின்றது. நான்கு நாள் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதே இடத்தில் மாட்டிக்கொண்டு, கேமரா கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல நேரங்களில் கேமராவில் ஒரு குறையும் இருக்காது.

கேமரா ஆன் ஆகிறது, கார்டு இல்லாமல் திரையில் காட்சி தெரிகிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எந்த வகைக் கார்டு?

ஸ்லாட் கதவின் உட்புறத்தில் பெரும்பாலும் எழுதியே இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உள்ளே ஊசி ஊசியாக இரண்டு வரிசையில் 50 பின்கள் தெரிந்தால் காம்பாக்ட் ஃபிளாஷ். விசிட்டிங் கார்டு போல, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அகலமான கார்டு என்றால் ஸ்மார்ட்மீடியா. சூயிங்கம் பட்டை போல நீளமானது சோனியின் மெமரி ஸ்டிக். ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் கேமராக்களில் 2002 முதல் வந்த சிறிய கார்டு எக்ஸ்டி. மீதி பெரும்பாலும் எஸ்டிதான். எக்ஸ்டியையும் எஸ்டியையும் பெயர் குழப்பத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஒன்று மற்றதன் இடத்தில் உட்காராது.

படி 2: எந்தத் தலைமுறைக் கார்டு?

நான் நான்கு நாள் நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்டி கார்டுகள் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே அகலம், அதே வெட்டிய மூலை, பின்னால் அதே தங்கப் பட்டைகள். ஆனால் உள்ளே, பொதுவாகக் கைக்கு வருபவற்றில் மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. வெறும் எஸ்டி 2 ஜிபி வரை. 2006-இல் வந்த எஸ்டிஎச்சி அதற்கு மேல் 32 ஜிபி வரை. 2009-இல் அறிவித்த எஸ்டிஎக்ஸ்சி அதற்கும் மேல் 2 டிபி வரை. கார்டின் முகப்பில் எஸ்டி சின்னத்தோடு 'எச்சி' அல்லது 'எக்ஸ்சி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 2006-க்கு முன் வந்த கேமராவுக்கு அந்த எழுத்து இல்லாத கார்டுதான் வேண்டும்.

பழைய கேமராவுக்கு ஃபேட்16 ஃபார்மேட் (கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை) வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் 32 ஜிபி கார்டில் 2 ஜிபிக்கு ஒரு பார்ட்டிஷன், அதாவது தனிப் பகுதி, போட்டு, ஃபேட்16-இல் ஃபார்மேட் செய்து செருகினேன். கார்டு எரர். 1 ஜிபியாகக் குறைத்தேன். கார்டு எரர். வேறு கணினி, வேறு மென்பொருள், வேறு கார்டு ரீடர் என்று எல்லாம் மாற்றிப் பார்த்தும் அதேதான்.

சிக்கல், கேமரா ஃபார்மேட்டைப் படிக்கும் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பழைய எஸ்டி கார்டிடம் கேமரா 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்கும். அந்த எண்ணை எழுத 32 பிட் இடம்தான் உண்டு, எனவே 4 ஜிபிக்கு மேல் எண்ண வழியே கிடையாது. எஸ்டிஎச்சியில் அந்தக் கணக்கை மாற்றினார்கள்; 'இத்தனையாவது 512 பைட் கட்டம்' என்று கேட்க வேண்டும். இப்போது கேமராவை ஆன் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேமரா கார்டிடம் 'தயாரா?' என்று கேட்கும். புதிய கருவிகள் அதோடு சேர்த்து, 'எனக்குப் பெரிய கார்டுகளின் கணக்கு தெரியும்' என்றும் சொல்லும். 2004-இல் செய்த கேமராவுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லாத கருவிக்கு எஸ்டிஎச்சி கார்டு 'தயார்' என்று பதில் தராது. 'இன்னும் வேலை நடக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு கேமரா எரர் காட்டிவிடும். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட பார்ட்டிஷனை அது ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இது புரிந்த அன்று, பயன்படாமல் கிடந்த ஒரு ஜிபிஎஸ் கருவியிலிருந்து 512 எம்பி கார்டைக் கழற்றிச் செருகினேன். திரையின் மூலையில் மீதிப் படங்களின் எண்ணிக்கை 0-விலிருந்து 243-க்குத் தாவியது. அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் முதல் படமாக அந்தப் பழைய 16 எம்பி கார்டையே எடுத்தேன்.

விதிவிலக்குகளும் உண்டு. பென்டாக்ஸ் கே100டி போன்ற சில கேமராக்களுக்கு ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் மூலம் எஸ்டிஎச்சி வசதி பின்னால் வந்தது. நிக்கானில் 2005-இன் டி50 வெறும் எஸ்டியோடு நின்றுவிடும். 2006-இன் டி40 எஸ்டிஎச்சியை ஏற்கும். உங்கள் மாடலின் கையேட்டில் 'எஸ்டிஎச்சி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேமரா எஸ்டிஎச்சி வகை, கையில் இருப்பது 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி என்றால் கவலை குறைவு. அவை இரண்டுக்கும் எண்ணும் கணக்கு ஒன்றுதான், ஃபைல் சிஸ்டம்தான் (கோப்புகளை அடுக்கும் முறை) வேறு. எஸ்டிஎக்ஸ்சியோடு வரும் எக்ஸ்ஃபேட்டை எடுத்துவிட்டு ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் வேலை செய்யும்.

என்னைக் கேட்டால், பழைய கேமராவுக்கு 512 எம்பி அல்லது 1 ஜிபிதான் நல்ல அளவு. 2 ஜிபியில் ஒரு வலை இருக்கிறது. 2 ஜிபி எஸ்டி கார்டு தன் அளவைச் சொல்லும்போது 512 பைட் கட்டங்களுக்குப் பதிலாக 1024 பைட் கட்டங்களில் சொல்லும். எல்லாக் கட்டமும் 512 என்று நினைத்துக்கொள்ளும் ஆரம்பகாலக் கேமரா அதைப் பாதியாகக் கணக்குப் போட்டு 1 ஜிபி என்று காட்டும், இல்லையென்றால் குழம்பி நின்றுவிடும். பழைய செல்பேசி, பிரிண்டர், டிஜிட்டல் போட்டோ பிரேம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள், சின்ன கார்டு ஒன்று கிடைக்கும். 1 ஜிபி மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டும் பயன்படுத்தலாம்.

படி 3: ஃபார்மேட்

கேமராவின் மெனுவிலேயே செய்யுங்கள். அதைவிட நல்ல வழி கிடையாது. கேமரா மறுத்தால் மட்டும் கணினிக்குப் போங்கள். எஸ்டிக்கு, எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டர் மென்பொருளைத்தான் நான் பயன்படுத்துகிறேன். கார்டின் அளவுக்குப் பொருத்தமான ஃபைல் சிஸ்டத்தை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

காம்பாக்ட் ஃபிளாஷுக்குத் தலைமுறைச் சிக்கல் கிடையாது. நான் வீணாகச் செய்த அந்தப் பார்ட்டிஷன் வித்தை உண்மையில் பலன் தருவது இங்கேதான். கேனான் டி60 போன்ற கேமராக்கள் ஃபேட்16 மட்டும் படிக்கும், அதனால் 2 ஜிபிக்கு மேல் எட்டாது. அடுத்து 2003-இல் வந்த 10டி ஃபேட்32 படிக்கும். ஃபேட்16 கேமராவுக்கு 8 ஜிபி கார்டு மட்டும்தான் இருக்கிறது என்றால், விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் கார்டைத் துடைத்து, 1900 எம்பிக்கு ஒரே ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட்டு, ஃபேட் ஃபார்மேட்டில் அலகு (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் துண்டு) அளவை 32 கேபி என்று கொடுங்கள். துடைக்கும் முன் டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். தவறான எண் கொடுத்தால் கணினியின் டிஸ்க்கே போய்விடும். அந்த 32 கேபி முக்கியம். ஃபேட்16-இல் சுமார் 65,500 அலகுகள்தான் இருக்க முடியும். அதை 32 கேபியால் பெருக்கினால் 2 ஜிபி. விண்டோஸ் 64 கேபி அலகு வைத்து 4 ஜிபி வரைகூட ஃபேட்16 போட்டுத்தரும், ஆனால் கேமரா அதைப் படிக்கும் என்று நம்ப முடியாது.

ஸ்மார்ட்மீடியா வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மறக்கக்கூடாது: கணினியில் ஃபார்மேட் செய்யவே செய்யாதீர்கள். மற்றக் கார்டுகளில் மெமரியை நிர்வகிக்க உள்ளேயே ஒரு கன்ட்ரோலர் இருக்கும். ஸ்மார்ட்மீடியாவில் அது இல்லை. வெறும் மெமரி சில்லும் தங்கத் தகடும்தான். நிர்வாகம் முழுக்கக் கேமராவின் பொறுப்பு. கார்டின் தொடக்கத்தில் கேமராவுக்காக எழுதி வைத்திருக்கும் தகவல்களைக் கணினி அழித்துவிட்டால், அந்தக் கார்டைக் கேமரா மீண்டும் ஏற்பது அரிது. இந்த வகை 128 எம்பியோடு நின்றுவிட்டது, எனவே ஒவ்வொரு கார்டும் அருமையானது. வாங்கும்போது 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா என்றும் பாருங்கள். வெட்டிய மூலை இடம் மாறியிருக்கும், மாற்றிப் போட முடியாது.

படி 4: சரியான கார்டும் எரர் காட்டினால்

முதலில் பேட்டரி. கார்டில் எழுதும் நேரத்தில் கேமரா அதிக மின்சாரம் இழுக்கும். தளர்ந்த அல்கலைன் பேட்டரியின் வோல்டேஜ் அந்த நொடியில் சரிந்து, பழி கார்டின் மேல் விழும். நான் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. 1.2 வோல்ட்தான் என்றாலும், சுமை ஏறும்போது அசையாமல் நிற்கும்.

அடுத்து லாக். எஸ்டி கார்டின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை; ஸ்லாட்டில் இருக்கும் ஒரு சுவிட்ச் அதைத் தடவிப் பார்க்கிறது, அவ்வளவுதான். துண்டு தளர்ந்து, செருகும்போதே கீழே நழுவினால் கார்டு பூட்டியிருப்பதாகக் கேமரா சொல்லும். அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டினால் போதும்.

தங்கப் பட்டைகளில் மங்கல் படிந்திருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

காம்பாக்ட் ஃபிளாஷ் என்றால், செருகுவதற்கு முன் டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். எனக்கு வந்த ஒரு கேமராவில் மேல்வரிசை ஓரத்தில் ஒரே ஒரு பின் பக்கத்துப் பின்னின் மேல் சாய்ந்திருந்தது. லெட் எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் குழல்முனையை அந்தப் பின்னின் மேல் தொப்பி போல மாட்டி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கார்டு பாதியில் தடுத்தால் ஒருபோதும் அழுத்தாதீர்கள். அந்தப் பின்னை வளைத்ததே அப்படி ஒரு அழுத்தல்தான்.

அடாப்டர்கள் பற்றி

எஸ்டியைக் காம்பாக்ட் ஃபிளாஷாக மாற்றும் அடாப்டர் எனக்குப் பிடிக்காது. பல அடாப்டர்கள் 5 மி.மீ. தடிமன், 3.3 மி.மீ. கார்டுக்கான ஸ்லாட்டில் நுழையாது. அசல் 256 எம்பி கார்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். மாறாக, மைக்ரோ எஸ்டியை மெமரி ஸ்டிக் புரோ டுவோவாக மாற்றும் அடாப்டர் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் 'புரோ' ஏற்கும் கேமராக்களில் மட்டும். 2003-க்கு முந்தைய சோனி கேமராக்களுக்குப் பழைய மெமரி ஸ்டிக்தான், அதன் உச்சம் 128 எம்பி. எக்ஸ்டி இடத்தில் மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டர் ஒலிம்பஸின் சில மாடல்களுக்கென்றே வந்தது. மற்றவற்றில் நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை 1: புதிதாக வாங்கிய '2 ஜிபி' கார்டில் முதல் சில படங்கள் மட்டும் திறக்கின்றன, மற்றவை பாதி சாம்பல் நிறமாக வருகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அளவைப் பொய்யாகச் சொல்லும் போலிக் கார்டாக இருக்கலாம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 இரண்டும் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். எந்தக் கார்டு வாங்கினாலும், முதல் படம் எடுப்பதற்கு முன் இதை ஓட்டுங்கள். ஸ்மார்ட்மீடியாவில் மட்டும் வேண்டாம்.

பின்சேர்க்கை 2: மேக் கணினியில் ஃபேட் என்று தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்தும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கேமரா ஏற்கவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். டிஸ்க் யூட்டிலிட்டியில் 'ஸ்கீம்' (பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் முறை) என்ற பெட்டியைப் பாருங்கள். அதில் ஜியுஐடி என்று இருந்தால் பழைய கேமராவுக்குப் புரியாது. மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று மாற்ற வேண்டும். அந்தப் பெட்டி தெரியவில்லை என்றால், 'வியூ' மெனுவில் எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லி, பார்ட்டிஷனை விட்டுவிட்டு அதற்கு மேலே இருக்கும் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மாற்றிய பிறகு இருவரில் ஒருவருக்கு உடனே சரியாகிவிட்டது. மற்றவரின் கார்டு 4 ஜிபி, கேமரா ஃபேட்16 மட்டும் படிப்பது. அவர் படி 3-இல் சொன்ன 1900 எம்பி பார்ட்டிஷனைப் போட்டதும் அவருடையதும் ஓடத் தொடங்கியது.