செட்டிநாட்டில் வீடு கட்ட: முற்றத்திலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடிப் பக்கம் மனை வாங்கியவர்கள் வாசலிலிருந்து வரைபடம் போடத் தொடங்குவார்கள். முற்றத்திலிருந்து தொடங்குவதே சரி என்பேன். நடுவிலுள்ள பிரம்மஸ்தானத்தைத் திறந்து விடு என்று வாஸ்து சொல்வதும், நம் பழைய வீடுகளின் வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு) வானம் பார்த்திருப்பதும் ஒன்றுதான்: வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேற, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று முகப்பு வழியாகவும் சன்னல்கள் வழியாகவும் உள்ளே வரும். ஆகவே முகப்பு, வளவு, அதன் பின்னுள்ள இரண்டாங்கட்டு ஆகியவற்றின் வாசல்களை ஒரே நேர்கோட்டில் வையுங்கள். முற்றத்தைக் கண்ணாடியால் மூடவே வேண்டாம். பாதுகாப்புக்குக் கம்பி வலை போதும்.

கன்னி மூலையான தென்மேற்கு, பிற்பகல் வெயிலைச் சுமக்கும் மூலை. அங்கே சுவரைத் தடிப்பாக எழுப்பி, சன்னலைச் சிறிதாக்கி, மாடிப்படியையோ சாமான் அறையையோ அமைத்தால் மற்ற அறைகளுக்கு வெப்பம் எளிதில் எட்டாது. (வாஸ்துக்காரர்கள் அங்கே படுக்கையறை கேட்பார்கள், மேற்கே தாழ்வாரம் இறக்காமல் அதை ஏற்க எனக்கு மனமில்லை.)

அடுக்களை அக்கினி மூலையான தென்கிழக்கிலேயே இருக்கட்டும். முற்றத்துத் தரையை ஈசானியமான வடகிழக்கு நோக்கிச் சரித்தால், ஐப்பசி, கார்த்திகை மழை வீணாகாமல் அங்குள்ள கிணற்றுக்கோ தொட்டிக்கோ போய்ச் சேரும். தரைக்கு, கையால் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லையே இடுங்கள். சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்து உருவாகும் அந்தக் கல், வெறுங்காலுக்குச் சித்திரையிலும் குளுமையாக இருக்கும்.