பூச்சி கடித்து வீங்கினால் முதலில் பேனாவை எடுங்கள்

தோட்ட வேலையில் சிலந்தியோ குளவியோ கடித்து வீங்கினால், வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்திலேயே மணியையும் எழுதிவிடுங்கள். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தால் சூடும் கெட்டித்தன்மையும் எங்கே முடிகிறது என்று புரியும். அங்கே போடுங்கள். கடி கையில் என்றால் மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள், அப்புறம் கழற்றவே முடியாது.

வீக்கம் பரவுகிறதா, வடிகிறதா என்று வெறும் கண்ணால் சொல்வது கஷ்டம், கோடு இருந்தால் குழப்பமில்லை. சாதாரண வீக்கம் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெதுவாக வடியும். அதற்குப் பிறகும் கோட்டைத் தாண்டிப் போனால், வலி கூடினால், காய்ச்சல் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் அந்தக் கோட்டையே காட்டலாம்.

தேனீ என்றால் கோடெல்லாம் பிறகு, முதலில் கொடுக்கை எடுங்கள். சுரண்டியோ பிடுங்கியோ, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம்.

மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும், வாய்க்குள் கொட்டியிருந்தாலும், சிலந்திக் கடிக்குப் பின் தசைகள் இழுத்துப் பிடித்தாலும் இந்தக் குறிப்பு உதவாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.