காய் பார்த்துக் குழம்பு: உழவர் சந்தையிலிருந்து அடுப்பு வரை

என்ன குழம்பு என்று வீட்டிலேயே முடிவு செய்து, பட்டியல் எழுதிக்கொண்டு கிளம்புவதுதான் புதிதாகச் சமைக்க வருகிறவர்களின் வழக்கம். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் காய், பிறகு குழம்பு. கார்த்திகை மாதத்தில் பட்டியலில் முருங்கைக்காய் என்று எழுதியிருந்தால், ஒல்லியாகச் சூம்பிய காய்க்கு யானை விலை கொடுத்து வருவீர்கள். அதே நாளில் பக்கத்துக் கடையில் அவரைக்காய் பிஞ்சாகக் குவிந்து கிடக்கும். சந்தை என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுச் சமைத்தால் செலவும் குறையும், சுவையும் கூடும். சந்தைக்குப் போகிற காலை வேளையே பிடித்துப்போகும்.

நான் இங்கே மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையை மனதில் வைத்து எழுதுகிறேன். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியது இங்கேதான். உங்கள் ஊர்ச் சந்தைக்கும் இதே முறைதான்: விளைவித்தவரே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்பார், இடையில் தரகர் கிடையாது, அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும்படி அந்த விலையை வைப்பார்கள். ஆகவே உள்ளே நுழைந்ததும் பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாரிடமும் பேரம் பேச வேண்டிய அவசியமே இருக்காது. பேசவும் வேண்டாம். விதைத்து, நீர் பாய்ச்சி, பறித்துக் கொண்டுவந்தவரிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

கிளம்பும் முன்

இரண்டு துணிப்பை, கீரைக்கென்று தனியாக ஒரு பை, பத்து இருபது ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மஞ்சப்பைதான் நல்லது, தக்காளி அதில் வேர்க்காது. வீட்டில் பருப்பு, புளி, வர மிளகாய், மல்லி விதை, எண்ணெய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

விடிந்ததும் போய்விடுங்கள். கீரையும் பிஞ்சுக் காய்களும் ஏழு மணிக்குள் போய்விடும். பதினொரு மணிக்குப் போனால் விலை இறங்கியிருக்கும், ஆனால் மிச்சம்தான் கிடைக்கும். அன்றே சமைத்து முடிப்பதானால் அதிலும் தவறில்லை.

சந்தைக்குள்

முதல் சுற்றில் எதுவும் வாங்காதீர்கள். கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எந்தக் காய் எல்லோரிடமும் இருக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக் காய். அதையே வாங்குங்கள். மார்கழி, தையில் பச்சை மொச்சையும் சர்க்கரைவள்ளியும். கோடையில் முருங்கைக்காயும் மாங்காயும். இரண்டு மாதம் தொடர்ந்து போனால் இந்தக் கணக்கு தானாகவே கைக்கு வந்துவிடும்.

இன்று கத்திரிக்காயும் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் அரைக்கீரையும் நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பார்த்து வாங்குவது இப்படி:

கத்திரிக்காயின் மூடியும் காம்பும் பச்சையாக விறைப்பாக இருக்க வேண்டும். தோல் மின்ன வேண்டும். விரலால் லேசாக அமுக்கினால் பள்ளம் விழாமல் திரும்பி வர வேண்டும். ஊசிமுனை அளவு துளை இருந்தால் உள்ளே புழு இருக்கும். அதை ஒதுக்குங்கள்.

முருங்கைக்காயை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் இளசு. விதை முண்டு முண்டாக வெளியே தெரிந்தால் முற்றல், குழம்பில் எவ்வளவு வெந்தாலும் நார்தான் மிஞ்சும்.

வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்தால் போதும். கூடையில் பாதியை உடைத்துவிட்டு நகர்ந்தால் அவற்றை அப்புறம் யாரும் வாங்கமாட்டார்கள். விரல் நீளத்துக்கு மேல் போகாத காயாகப் பொறுக்கினாலே பெரும்பாலும் பிஞ்சாக இருக்கும்.

தக்காளியில் நாட்டுத் தக்காளியைக் கேட்டு வாங்குங்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அதன் புளிப்பும் சாறும்தான் வேண்டும். பெங்களூர் தக்காளி தோல் தடித்தது, நாள் தாங்கும், ஆனால் புளிப்பு குறைவு. தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், கண்கள் காய்ந்து பூஞ்சை இல்லாமல் இருக்க வேண்டும். சின்ன வெங்காயம் முளைவிடாமல், தோல் சரசரவென்று இருந்தால் சரி.

கீரைதான் முக்கியம், அதில் நின்று நிதானமாகப் பாருங்கள். வேரில் மண் ஈரம் காயாமல் இருந்தால் இன்று காலை பிடுங்கியது. இலையில் ஓட்டை இருப்பது குறையல்ல. மஞ்சள் பூத்ததும் தண்டு வழவழப்பதும்தான் குறை. எந்தக் கீரை என்று தெரியாவிட்டால் விற்கிறவரிடமே கேளுங்கள். "ஆத்தா, இது சிறுகீரையா அரைக்கீரையா?" என்று கேட்டால், கட்டைத் தூக்கிக் காட்டி, "இது அரைக்கீரை தாயி, வேரோட வராது, அறுத்தது. பூண்டு ரெண்டு பல்லு சேத்துப் போட்டுக் கடைஞ்சிரு, இன்னிக்கே ஆஞ்சிரு" என்று செய்முறையையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். நான் கற்ற கீரைச் சமையலில் பெரும்பகுதி இப்படிக் கூடைக்கு முன்னால் நின்று கேட்டதுதான். ஆமாம், வேர் மண்ணைப் பார்ப்பது சிறுகீரைக்கும் தண்டுக்கீரைக்கும். அரைக்கீரையை அறுத்துக் கட்டுவதால் அறுத்த இடம் கறுக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு: கத்திரிக்காய் கால் கிலோ, முருங்கைக்காய் ஒன்று, வெண்டைக்காய் அரைக் கிலோ, தக்காளி கால் கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, கீரை இரண்டு கட்டு, தேங்காய் ஒன்று, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி. கனமானதை அடியில் போட்டு, தக்காளியை மேலே வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

பையை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடாதீர்கள். தக்காளி வெளியே இருக்கட்டும். சின்ன வெங்காயம் காற்றாடக் கூடையில் இருக்கட்டும், உருளைக்கிழங்கோடு சேர்க்க வேண்டாம். கொத்தமல்லியின் வேரை நறுக்கி, காய்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் பல நாள் வரும்.

பிறகு கீரை ஆய்வது. தரையில் செய்தித்தாள் விரித்து, இலையையும் இளந்தண்டையும் கிள்ளி எடுங்கள். அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமிழ்த்தி அலசி, கீரையைக் கையால் தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரைமேலேயே விழும். தண்ணீரை மாற்றி, அடியில் மண் தெரியாமல் போகும் வரை இப்படியே செய்யுங்கள். கீரை உணவில் நறநறப்பதற்குக் காரணம் இந்த ஒரு படியைத் தவறவிடுவதுதான்.

அடுப்பு வேலையின் வரிசை

பருப்பும் அரிசியும் முதலில், அடுத்து சாம்பார், அது கொதிக்கிற நேரத்தில் கீரை, கடைசியில் பொரியல். இந்த வரிசையில் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் சாப்பாடு தயார்.

முக்கால் டம்ளர் துவரம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, சிட்டிகை மஞ்சள் தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய் சேர்த்து, மூன்று பங்கு தண்ணீரில் குக்கரில் நான்கைந்து விசில் விடுங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறப்போடுங்கள்.

இப்போது வறுத்து அரைப்பது. கடையில் சாம்பார் பொடி பாக்கெட்டில் கிடைக்கிறது, அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒருமுறை வீட்டில் வறுத்து அரைத்துப் பார்த்தால், சாம்பார் என்று இத்தனை நாளும் எதைச் சாப்பிட்டோம் என்று தோன்றும். சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி கடலைப் பருப்பைப் போடுங்கள். அது நிறம் மாற ஆரம்பித்ததும் இரண்டு மேசைக்கரண்டி மல்லி விதை, ஐந்தாறு வர மிளகாய். இராமநாதபுரம் குண்டு மிளகாய் கிடைத்தால் அதையே போடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அடுத்து அரைத் தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் கருகினால் மொத்தக் குழம்பும் கசந்துவிடும், அதனால்தான் கடைசிக்குத் தள்ளுகிறோம். மல்லி மணம் வந்து, கடலைப் பருப்பு பொன்னிறமானதும் அடுப்பை அணைத்து, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலை அந்தச் சூட்டிலேயே பிரட்டுங்கள். நன்றாக ஆறட்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரிக்காயை நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. குழம்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, அது வதங்கியதும் தக்காளி இரண்டு. தக்காளி கரைந்ததும் முருங்கைக்காயையும் இரண்டு டம்ளர் தண்ணீரையும் உப்பையும் சேர்த்து மூடிவையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கத்திரிக்காய். இரண்டும் வெந்த பிறகுதான் புளித்தண்ணீர். புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் அந்தப் புளிப்பில் காய் வேகாமல் விறைத்து நிற்கும். புதிதாகச் சமைப்பவர்களின் சாம்பாரில் காய் கடக்கென்று கடிபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

புளியின் பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும், ஏழெட்டு நிமிடம் ஆகும். அரைத்ததையும் மசித்த பருப்பையும் சேர்த்து, கெட்டியாக இருந்தால் வெந்நீர் விட்டு, இன்னும் ஐந்து நிமிடம். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவி மூடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும், அதனால் இறக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும்.

கீரை கடைசல்

மண்சட்டி இருந்தால் எடுங்கள். அலசிய கீரை, பூண்டு நான்கைந்து பல், சின்ன வெங்காயம் ஐந்தாறு, பச்சை மிளகாய் இரண்டு, கால் டம்ளர் தண்ணீர். கீரையே தண்ணீர் விடும், ஆகவே அதற்கு மேல் வேண்டாம். மூடி போடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் மங்காது. தண்டு நசுங்குகிற பதம் வந்ததும் இறக்கி, உப்புப் போட்டு, மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசைபோல் ஆகிவிடும். மத்தில் கடைந்தால் அங்கங்கே இலையும் பூண்டும் நாக்கில் தட்டும், கடைசலுக்கு அதுதான் அழகு. கடுகு, உளுத்தம் பருப்பு, கிள்ளிய வர மிளகாய் தாளித்துச் சேர்த்தால் முடிந்தது.

வெண்டைக்காய்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குங்கள். அகலமான சட்டியில் தாளித்துக் காயைப் போட்டு, மூடாமல், அடிக்கடி கிளறாமல் வதக்குங்கள். வழவழப்பு போகவில்லை என்றால் ஒரு கரண்டி புளித்தண்ணீர் தெளித்தால் போதும். உப்பு கடைசியில்.

சாம்பார் மீந்தால் தேங்காய் அரைத்துவிட்டது என்பதால் வெளியே வைக்காதீர்கள். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் கொதிக்கவிட்டு இட்லிக்கு ஊற்றிக்கொள்ளலாம். கீரையை மட்டும் அன்றே காலி செய்துவிடுங்கள்.