முதல்முறை காரவன் பார்க்கில் தங்கப் போகிறீர்களா? கண்டகாயில் இருந்து தொடங்குங்கள்

சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் சுமார் 380 கிலோமீட்டர் போனால் கண்டகாய் வரும். மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். காரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு நான் இந்த ஊரைத்தான் சொல்வேன். வழி நெடுக இருபக்கமும் பிரிந்த அகலமான சாலை, எதிரே வண்டி வருமோ என்ற பயமில்லை. ஊரையும் பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடலாம்.

படி 1: இடம் பிடிப்பது

காரவன் பார்க்கிற்கு, அதாவது காரவனை நிறுத்தித் தங்கும் இடத்துக்கு, போன் செய்து "பவர்டு சைட்" கேளுங்கள். மின்சாரம், தண்ணீர் இரண்டும் அதில் இருக்கும். ரிவர்ஸ் எடுக்காமல் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரக்கூடிய இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். புதியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

படி 2: சாமான் ஏற்றுவது

கனமான பொருட்களைத் தரையோடு, சக்கர அச்சுக்கு அருகில் வையுங்கள். பின்பக்கம் பாரம் கூடினால் ஓடும்போது காரவன் வால் ஆட்டும். அது ஆபத்து. காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும், இருட்டில் காரவனை நிறுத்துவதும் சிரமம்.

படி 3: நிறுத்துவது

இதில் வரிசைதான் முக்கியம். காரை விட்டுக் கழற்றுவதற்கு முன்பே இடவலச் சமநிலையைப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தச் சக்கரத்துக்கு அடியில் சாய்வுக் கட்டையை வைத்து ஏற்றுங்கள். கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை வைத்த பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். அப்புறம் முன்னால் உள்ள சிறு சக்கரத்தை ஏற்றி இறக்கி முன்பின் சமநிலையைச் சரிசெய்யுங்கள். கடைசியாக நான்கு மூலைக் கால்களையும் இறக்குங்கள். அவை வண்டி ஆடாமல் இருக்க மட்டும்தான், அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு 15 ஆம்ப் கேபிள் வேண்டும். அதன் எர்த் பின் அகலமானது, வீட்டு எக்ஸ்டென்ஷனில் நுழையாது. சிலர் பின்னை அரத்தால் தேய்த்து நுழைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கேபிள் சூடேறித் தீப்பிடிக்கலாம். மிச்சக் கேபிளைச் சுருட்டியே விட்டாலும் சூடேறும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

தண்ணீருக்குக் குடிநீர்க் குழாய், கழிவுநீருக்கு வேறு குழாய். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

படி 4: சமையல்

தாளிப்பதைக் காரவனுக்குள் செய்ய வேண்டாம். புகை அலாரம் அலறும், மெத்தையெல்லாம் மணக்கும். பார்க்கின் பொதுச் சமையலறைக்குப் போங்கள். அங்கே உள்ள பார்பிக்யூ தட்டில் தோசை அருமையாக வரும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சொந்தக் கல்லைக் கொண்டுபோவது நல்லது. வெயில் காலத்தில் முழுத் தீத் தடை அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டே வெளியில் எதையும் பற்றவையுங்கள்.

படி 5: ஊரைப் பார்ப்பது

முதலில் ஆற்றையும் மேட்டையும் பாருங்கள். ஆற்றோரச் சமவெளி காலியாகக் கிடக்கும், ஊர் மேட்டில் இருக்கும். பழைய ஊர் அந்தச் சமவெளியில்தான் இருந்தது. வெள்ளம் வரும் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான விரஜூரி மக்கள் எச்சரித்தும் குடியேறிகள் நகரவில்லை. 1852 ஜூனில் வந்த வெள்ளத்தில் குறைந்தது 78 பேர் இறந்தார்கள். யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இரண்டு விரஜூரி ஆண்கள் இருட்டிலும் படகில் போய்ப் போய் மரங்களிலும் கூரைகளிலும் தொங்கியவர்களை மீட்டார்கள். யாரியின் படகு மரப்பட்டையால் செய்த சின்ன ஓடம், ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடியும். அதன் பிறகுதான் ஊர் மேட்டுக்குப் போனது. இருவருக்கும் ஷெரிடன் தெருவில் சிலை வைத்தது 2017இல். அங்கே குழந்தைகளை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

உணவுப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற நாய்ச் சிலை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. 1932இல் திறந்தது. சிட்னிக்குத் திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்றோர இடத்தில் தங்கினால் மழை முன்னறிவிப்பை மாலையிலும் ஒருமுறை பாருங்கள். பார்க்காரர் இடம் மாறச் சொன்னால் உடனே மாறுங்கள்.

படி 6: கிளம்புவது

பெரும்பாலான பார்க்குகளில் காலை 10 மணிக்குள் காலிசெய்ய வேண்டும். கழிப்பறைத் தொட்டியை அதற்கென உள்ள கழிவிடத்தில் மட்டும் கொட்டுங்கள். மின்சாரம், தண்ணீர், கேஸ் மூன்றையும் நிறுத்தி, மூலைக் கால்களைத் தூக்கி, காரில் மாட்டிய பிறகு அடைப்புக் கட்டைகளை எடுங்கள். கைப்பிரேக்கை விடுவித்து, படிக்கட்டையும் முன்சக்கரத்தையும் மடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கும் இரண்டு இண்டிகேட்டரும் எரிவதைச் சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.