நாயை நடத்திச் செல்ல ஆள் தேடும்போது

என் நாயை வேறொருவரிடம் ஒப்படைப்பதற்கு முன் அவரை மூன்று முறை என்னோடு நடக்க வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பயிற்சிச் சான்றிதழ், காப்பீடு, முந்தைய வாடிக்கையாளர்களின் எண் எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அவர் கை செய்யும் வேலையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று நான் சொல்லாமலேயே சோதித்தவரைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதைவிடத் தளர்ந்திருந்தால், மிரண்ட நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். அடுத்த நொடி நடுச்சாலையில் நிற்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை நாய்களை அழைத்துச் செல்கிறார் என்று கேளுங்கள். ஆறேழு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வெயில் நாளில் புறங்கையை ஏழு நொடி தரையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை பொறுக்காத சூட்டைப் பாதமும் பொறுக்காது. கால்நடை மருத்துவரின் எண், ஒவ்வாமை, மருந்து விவரங்களை எழுதிக் கொடுங்கள்.

முதல் வாரம் நாய் திரும்பியதும் முள்ளோ காயமோ இருக்கிறதா என்று அதன் பாத விரலிடுக்குகளைத் தடவிப் பாருங்கள். அவரைக் கண்டதும் வால் கால்களுக்கிடையே போனால், காரணம் தெரியும்வரை அனுப்பாதீர்கள்.